தந்தமுனையில் சத்தம் கூடாது

மூன்று நாளாகக் கெலெவ்கிக்கு ஒரே ஒரு ஆசைதான். அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துத் தன் மச்சினனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நன்றாகத் திட்டிவிட வேண்டும். அதற்கு வழியில்லை. தந்தமுனையில் காவல் இருக்கிறவன் உரக்கத் தும்மக்கூடக் கூடாது. பாறைக்குக் கீழே, கல்லெறி தூரத்தில், தந்தம் வைத்த முப்பதாயிரம் வால்ரஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. தாய்களின் விலாவோடு ஒட்டிக்கொண்டு இந்த வருஷத்துக் குட்டிகள். ஒன்று மிரண்டால் பத்து மிரளும், பத்து மிரண்டால் கரையே எழுந்து கடலுக்கு ஓடும். ஒவ்வொன்றும் ஒரு டன். நடுவில் அகப்பட்ட குட்டி என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே கெலெவ்கி திட்டுவதையெல்லாம் கிசுகிசுப்பாகத் திட்டினார். கிசுகிசுத்துத் திட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்த அவஸ்தை. கோபம் தீரவே தீராது, தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"கொப்பால எதுக்குடா எடுத்துட்டு வந்தே?"

"அத்தான், இதோட நாப்பது தடவ கேட்டுட்டீங்க."

"நாப்பத்தோராவது தடவையும் கேப்பேன். எதுக்குடா எடுத்துட்டு வந்தே?"

"அடுப்பு மூட்டக் கூடாதுன்னு சொன்னது யாரு? நீங்கதானே? காத்து கரைப் பக்கம் அடிக்குது, பொகை போனா மிரளும், பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடன்னீங்க. அடுப்பு இல்லாமத் திங்கிறதுக்கு நம்ம ஊர்ல வேற என்ன இருக்கு? பிஸ்கோத்தா? அது நேத்தே தீந்துபோச்சு."

பெனெல்குத் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கெலெவ்கியை இன்னும் எரிச்சல்படுத்தியது. கொப்பால் என்பது வால்ரஸ் கறியைத் தோலும் கொழுப்புமாகச் சுருட்டித் தைத்து, கோடையில் மண்ணுக்குள் புதைத்து, புளித்துப் பழுத்தபின் எடுப்பது. வெட்டி அப்படியே தின்னலாம். பல் கூசும், உடம்பு சூடேறும், ஒரு துண்டு தின்றவன் நாள் முழுக்கக் குளிரில் நிற்பான். வாசனை மட்டும் பத்து மைல் போகும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் ரொட்டி கொண்டு வந்திருப்பான், ஒரு வம்பும் வந்திருக்காது. நம்மவன், சட்டத்தை மதிக்கிறவன், கொப்பால் கொண்டு வந்தான். முதல் நாள் சாயங்காலமே பெரியவர் வந்துவிட்டார்.

பெரியவர் என்றால் வெள்ளைக் கரடி. காது கேட்கிற தூரத்தில் அது இருக்கும்போது பேரைச் சொல்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் கிடையாது.

வந்தது நோஞ்சான் ஆண். இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. காவல் குடிசையின் கதவில் மூக்கை வைத்து ஒரு இழு இழுத்ததில் குடிசையே மூச்சு விட்டது போலிருந்தது. பெனெல்குத் பயத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கதவுக்கு முட்டுக் கொடுத்தான்: பெஞ்சு, நிலக்கரிப் பெட்டி, இரும்புச் சாமான் பெட்டி, மூட்டாத அடுப்பு. சத்தமில்லாமல், கம்பளியில் சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றாக நகர்த்தினான். அதுவரை சரி. அப்புறம் செய்தான் பாருங்கள் ஒரு காரியம்! தின்றுவிட்டுப் போகட்டும் என்று ஜன்னல் ஓட்டை வழியே ஒரு துண்டு கொப்பாலை வெளியே போட்டான். விருந்து போட்ட வீட்டை விட்டு யாராவது போவார்களா? பெரியவர் தின்றார், உதட்டை நக்கினார், வாசலுக்கு நேரே முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் ஒரு துண்டு போட்டான். அதற்கும் மறுநாள் கொப்பால் தீர்ந்துபோனது, பெரியவர் போகவில்லை.

குடிசை இரண்டு எட்டு அகலம், மூன்று எட்டு நீளம். அதற்குள் இரண்டு ஆம்பளைகள், ஒரு வாளி. வாளி எதற்கென்று கேட்காதீர்கள். பேசுவதற்கு வைத்திருந்த கம்பியில்லாக் கருவி முதல் நாளே குளிரில் செத்துவிட்டது. மாற்று பேட்டரி பெனெல்குத் வீட்டு மேஜைமேல் பத்திரமாக இருந்தது.

சுவரில் கார்பைன் துப்பாக்கி தொங்கியது. வெளிச்சக் குண்டு போடுகிற துப்பாக்கி தொங்கியது. கரடியை விரட்டத் தட்டுவதற்கென்றே வைத்திருந்த தகர டின் தொங்கியது. ஊராக இருந்தால் இதில் ஒன்றை எடுத்தால் போதும், பெரியவர் வாலைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார். இங்கே ஒன்றையும் தொட முடியாது.

"நம்மள மாதிரி மாட்டிக்கிட்டவன் ஒலகத்துலயே இல்ல அத்தான்," என்றான் பெனெல்குத்.

"ஏன் இல்ல? வெளிய படுத்திருக்காரே அவரு மட்டும் என்ன? ஐஸ் வந்தாத்தானே அவரு வீட்டுக்குப் போக முடியும்? கீழ படுத்திருக்கிறதுங்க மட்டும் என்ன?"

அதுவும் உண்மைதான். முன்பெல்லாம் இந்த மாதத்தில் பனிக்கட்டி கரைக்கு வந்துவிடும். வால்ரஸ் அதன்மேல் படுக்கும், கரடி அதன்மேல் வேட்டையாடும், மனுஷன் கரையில் இருப்பான். அவரவர் இடம் அவரவருக்கு. இப்போது பனிக்கட்டி வடக்கே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டு, வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எல்லோரும் ஒரே முனையில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறோம்.

முனைச் சட்டத்தை எழுதியதே கெலெவ்கிதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு விமானம் தாழப் பறந்தது. மறுநாள் அவரும் மகள் ஒம்ரினாவும் கரையில் இறங்கிச் செத்த குட்டிகளை எண்ணினார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. இருநூறு வரைக்கும் எண்ணியவள், அப்புறம் ஒரு குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பவே முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு முனைதான் எல்லாம். எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை செத்தது, ஏன் செத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். பெரிய ஊர்களிலிருந்து படித்தவர்கள் வந்தால் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். அவள் எழுதிய எண் என்றால் மறுபேச்சு கிடையாது.

சட்டம் இதுதான்: வால்ரஸ் கரையில் இருக்கும்போது முனையில் சுட்டவனுக்கு, அவன் யாராக இருந்தாலும், காவல் வேலை போய்விடும், துப்பாக்கியும் போய்விடும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கெலெவ்கியின் சித்தப்பா மகனே ஒரு வெடி வெடித்தான். கரடி வந்தது, என்ன செய்ய என்றான். "கரடி வந்தா கதவச் சாத்திட்டு உள்ள இரு," என்று சொல்லி அவன் கார்பைனைக் கையை நீட்டி வாங்கியவர் கெலெவ்கி. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

மூன்றாம் நாள் காலை புதுப் பனி விழுந்திருந்தது. அன்றைக்குத்தான் மாற்று ஆள் வர வேண்டிய முறை. ஆள் வருவான் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. வருகிறவன் கரடியைத் தூரத்திலேயே பார்ப்பான், திரும்பிப் போய் நான்கு பேரையும் நாய்களையும் கூட்டி வருவான், பள்ளம் வழியாக அதை நைசாக ஓட்டிவிடுவார்கள். அதுதான் நடக்கும் என்று இருவரும் நம்பினார்கள்.

"இன்னிக்கு யாரு முறை?" என்றான் பெனெல்குத்.

"உன் பக்கத்து வீட்டுக்காரனும் ஒம்ரினாவும்."

"அவன் இருமிக்கிட்டே கெடந்தானே. காய்ச்சலோ என்னமோ."

"அப்படின்னா வேற யாரையாவது அனுப்புவாங்க. தனியா யாரும் வர மாட்டாங்க."

ஜன்னல் என்று நாங்கள் சொல்வது ஒரு புத்தகத்தின் அகலம் உள்ள ஓட்டை. கெலெவ்கி அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். காற்று திரும்பியிருந்தது, இப்போது ஊர்ப் பக்கமிருந்து அடித்தது. பெரியவர் தலையைத் தூக்கினார். மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தார். பிறகு மூன்று நாளாக எழுந்திருக்காத மனுஷர், எழுந்தார்.

"மாப்ளே, எந்திரிச்சிட்டாரு."

"போறாரா? போகட்டும், போகட்டும், நல்லா இருக்கட்டும்!"

"ஊர்ப் பக்கம் போறாரு."

பெனெல்குத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. குடிசைக்கும் ஊருக்கும் நடுவே, பாதையை ஒட்டி, ஒரு ஆள் உயரப் பாறை உண்டு. பெரியவர் அதுவரைக்கும் நடந்து போய், அதற்குப் பின்னால் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தார். முன்காலால் மூக்கை மறைத்துக்கொண்டார். அப்படிப் படுத்தால் அது தூங்குவதற்கு அல்ல.

அப்போதுதான் கெலெவ்கி அவளைப் பார்த்தார். தூரத்தில், மணல்திட்டின்மேல், பச்சைக் கோட்டு. ஊரில் ஒரே ஒரு பச்சைக் கோட்டுதான். தோளில் மூட்டை, கையில் கம்பு. கூட யாரும் இல்லை.

"தனியா வர்றா," என்றார். "டேய், ஒம்ரினா தனியா வர்றா. கருவியில நாம பேசாததால பயந்துட்டா போலருக்கு."

"நகருங்க, நான் பாக்கறேன்."

"என்னத்தப் பாக்கப் போறே நீ!"

இருவரும் ஓட்டையில் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். பச்சைக் கோட்டு நின்று நிதானமாக வந்துகொண்டிருந்தது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. கடைக்குப் போகிறவள் நடை. பாதையோரப் பீப்பாய்களையும் புதுப் பனி மூடியிருந்தது, எது பாதை, எது மேடு என்று இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைமேல் வெள்ளை, அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி.

"பாத்திருப்பா அத்தான்," என்றான் பெனெல்குத். "அவரு எந்திரிச்சி நடந்தாரே, அப்பவே பாத்திருப்பா. அவ கண்ணு என்ன கண்ணு! பாத்தவதான் இப்படி நடப்பா."

"பாக்காதவளும் இப்படித்தான்டா நடப்பா!"

இதுதான் எங்கள் ஊரின் சாபம் என்று நான் சொல்வேன். கரடியைப் பார்த்தவன் நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, கத்தக் கூடாது, அதன் முகத்தைப் பார்த்துத் திரும்பக் கூடாது. பார்க்காதவன் மாதிரியே, அதே நடையில், கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்க வேண்டும். தவழுகிற பருவத்திலிருந்து இதைத்தான் பழகுகிறோம். மூன்று வயதுக் குழந்தைகூட அப்படித்தான் நடக்கும். அதனால் என்ன ஆகிறது? ஒருத்தி கரடியைப் பார்த்துவிட்டாளா, இல்லை அதன் வாய்க்குள் நடந்து போகிறாளா என்று தூரத்திலிருந்து பெற்ற அப்பனுக்குக்கூடத் தெரியாது.

"கதவத் தொறப்போம்," என்றான் பெனெல்குத். "வெளிய போய் நிப்போம். ரெண்டு பேரப் பாத்தார்னா இந்தப் பக்கம் திரும்புவாரு. நம்மகிட்ட வரட்டும். கதவுகிட்டயே நிப்போம்."

சொல்லிக்கொண்டே அடுப்பைத் தூக்கினான். தனியாளாக! மூன்று நாளாக எதற்கெடுத்தாலும் நடுங்கியவன், அந்த இரும்பைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி ஓரமாக வைத்தான். சின்னச் சத்தம்கூட வரவில்லை. அடுத்து இரும்புச் சாமான் பெட்டி.

கெலெவ்கி ஓட்டையை விட்டு நகரவில்லை. பச்சைக் கோட்டு வந்துகொண்டே இருந்தது. அவர் மனசுக்குள் எண்ணினார்: பாறைக்கு இருநூறு எட்டு. நூற்றெண்பது. பாறைக்குப் பின்னால் அந்த வெள்ளை முதுகு ஒரு தடவை அசைந்தது. பின்காலை உடம்புக்கு அடியில் இழுத்துக்கொண்டது. பாய்வதற்கு முன்னால் அப்படித்தான் இழுத்துக்கொள்ளும்.

"சீக்கிரம்டா."

"பெட்டி மட்டுந்தான், பெஞ்சு மட்டுந்தான்... அத்தான், கையி வைங்க!"

"நூத்தம்பதுதான் இருக்கு."

"கையி வைங்க அத்தான்! நீங்களும் புடிச்சா ஒரு நிமிஷம்!"

கெலெவ்கி சுவருக்குக் கை நீட்டினார்.

"அத்தான், வேணாம்."

"எம் பொண்ணுடா."

"எனக்கும்தான். நான் தூக்கி வளத்த பொண்ணு. பாத்திருப்பா, சொல்றேன்ல! அவ பாத்திருப்பா!"

"பாக்கலேன்னா?"

கெலெவ்கி கார்பைனின் முனையை ஓட்டையில் வைத்தார். கீழே கரையிலிருந்து ஒரு குட்டி தாயைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது, நாய்க்குட்டி குரைப்பது போல, தடித்த தொண்டையில். அதைக் கேட்டுக்கொண்டேதான் சுட்டார். கேட்காமல் சுட்டேன் என்று பின்னால் ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

குண்டு பாறையில் பட்டுச் சில்லு தெறித்தது. பெரியவர் துள்ளி எழுந்து, காதை மடக்கிக்கொண்டு, பள்ளத்துப் பக்கம் ஒரே ஓட்டமாக ஓடினார். மூன்று நாள் படுத்திருந்தவர் மூன்று மூச்சில் மறைந்துபோனார். பச்சைக் கோட்டு இருந்த இடத்திலேயே நின்றது.

ஒரு கணம் எங்கும் சத்தமே இல்லை. பிறகு தரை நடுங்க ஆரம்பித்தது.

அதை எப்படிச் சொல்வது? மலை சரிகிற சத்தம் என்பார்கள், அது இல்லை. மலைக்கு வாய் இல்லை. இதில் முப்பதாயிரம் வாய் இருந்தது. குடிசையின் பலகைகள் ஆடின, வாளி கவிழ்ந்தது, சுவரில் தொங்கிய தகர டின் தானாகக் கணகணவென்று அடித்துக்கொண்டது. பெனெல்குத் கடைசிப் பெட்டியில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டான். கெலெவ்கி கார்பைனைப் பிடித்தபடி நின்றார். அது முடிய வெகுநேரம் ஆனது. முடிந்ததும் அலைச் சத்தம் கேட்டது. மூன்று நாளில் முதல் தடவையாக அலைச் சத்தம் கேட்டது.

ஒம்ரினா குடிசைக்கு வரவில்லை. குடிசையைத் தாண்டி நேரே கரைப் பாறையின் விளிம்புக்குப் போனாள். இவர்கள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது மண்டியிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கெலெவ்கியும் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரை காலியாக இருந்தது என்று சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

ஒரு தாய் மட்டும் போகவில்லை. தட்டையாகிப்போன ஒன்றைத் தன் மீசை மூஞ்சியால் முட்டி முட்டி நகர்த்திக்கொண்டிருந்தது.

"அம்மாடி," என்றார் கெலெவ்கி. மூன்று நாளைக்கு அப்புறம் உரக்கப் பேசியதில் அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "கரடி பாறைக்குப் பின்னால படுத்திருந்துச்சு. பாத்தியா நீ?"

ஒம்ரினா திரும்பி அவரைப் பார்த்தாள். மூன்று நாள் தாடி, நாற்றம், கையில் கார்பைன். நிறைய நேரம் பார்த்தாள்.

"இல்லப்பா," என்றாள். "பாக்கல."

கெலெவ்கி அப்படியே பனியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். வெட்கமே படவில்லை. மகள் பிழைத்ததற்கு அழுதார், குட்டிகளுக்கு அழுதார், எல்லாம் ஒன்றாகத்தான் வந்தது. அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "சரிப்பா, சரிப்பா," என்றாள். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

ஊருக்குச் சேதி சொல்ல கெலெவ்கியும் பெனெல்குத்தும் நடந்தார்கள். பாதையோரம் ஐம்பது எட்டுக்கு ஒரு தகரப் பீப்பாய் நட்டு வைத்திருக்கிறோம், பனியில் வழி தவறாமல் இருக்க. பாறையைத் தாண்டினார்கள். ஒரு பீப்பாய், இரண்டு பீப்பாய், மூன்று. பாதையில் அவள் வந்த காலடி ஒன்றுகூட இல்லை. கெலெவ்கிக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை.

ஏழாவது பீப்பாயின் அருகில் காலடி இருந்தது. ஊரிலிருந்து நேராக வந்து, அங்கே கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சாணுக்கு ஒரு விரல் கணக்கில், பாதையை விட்டு ஏரிப் பக்கம் ஒதுங்கியிருந்தது. எட்டு வைத்த அளவு மாறவில்லை. பதற்றமில்லை. ஒதுங்கி ஒதுங்கி, பாறையிலிருந்து விலகி, பெரிய வளைவாகக் குடிசையின் பின்பக்கத்துக்குப் போகிற வழி. அந்த வளைவு ஆரம்பிக்கிற இடத்தில், பனிமேல், ஒரு கையுறை கிடந்தது. தவறி விழுந்ததில்லை. உள்ளங்கை மேலே பார்க்க, விரித்து வைத்திருந்தது. கரடி பின்னால் வந்தால் நின்று முகரட்டும் என்று நாங்கள் போட்டு வைக்கிற மாதிரி.

கெலெவ்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

'நான்தான் சொன்னேனே' என்று சொல்லப் பெனெல்குத்துக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவன் குனிந்து கையுறையை எடுத்துத் தன் கோட்டுக்குள் போட்டான். அப்புறம் ஒம்ரினாவின் காலடிமேல் தன் காலை வைத்து இழுத்து இழுத்து நடந்தான். வளைவு முழுக்க, குடிசை வரை போய்த் திரும்பி வந்தான். முடித்தபோது அது ஏதோ ஒரு ஆள் கால் தேய்த்துப் போன தடமாக இருந்தது.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்ல. வாங்க அத்தான், குளிருது."

சுட்ட நான்காம் நாள் மாவட்டத்து வனவிலங்குக் காவல் அதிகாரி வந்தார். அதற்குள் செத்த கறியின் வாசனைக்குப் பதினேழு பெரியவர்கள் கரைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடியாயிற்று. பெண்கள் தண்ணீருக்குப் போக முடியவில்லை, ஆண்கள் வலைக்குப் போக முடியவில்லை, எல்லா வீட்டுக் கதவுக்கும் உள்பக்கம் முட்டுக் கொடுத்திருந்தது. கூட்டத்துக்கு ஊர்க்காரர்களை டிராக்டரில் ஏற்றித்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கெலெவ்கி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கார்பைனைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜைமேல் தானே வைத்திருந்தார். அவருடைய சித்தப்பா மகன்தான் முதலில் எழுந்து பேசினான்.

"எங்கிட்டேருந்து துப்பாக்கிய வாங்கினவர் இவரு. ஆனா ஐயா, மக உசுருன்னா எவனா இருந்தாலும் சுடுவான். இவரு துப்பாக்கிய வாங்கினா எனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். இல்ல."

பெனெல்குத் எழுந்தான். "நான்தான் சுடச் சொன்னேன்," என்றான். "அந்தப் பொண்ணு பாக்கலேன்னு ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரிஞ்சுது." சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தான்.

அதிகாரி நல்ல மனுஷர். ஒம்ரினாவின் நோட்டை அவருக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். "நீயே படிச்சிடும்மா," என்றார்.

ஒம்ரினா அப்பாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நோட்டைப் பிரித்தாள்.

"குட்டிங்க நூத்திப் பதினாறு. தாய் வால்ரஸ் மூணு." பக்கத்தைத் திருப்பினாள். "காரணம்: துப்பாக்கிச் சத்தம். தவிர்க்க முடியாதது."

"நீ கரடியப் பாக்கவே இல்ல?"

"இல்ல ஐயா. சுடலேன்னா நான் இங்க நிக்க மாட்டேன்."

அந்த நோட்டில் அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. மழையில் எண்ணியிருக்கிறாள், காய்ச்சலோடு எண்ணியிருக்கிறாள், சந்தேகம் வந்தால் திரும்பப் போய் எண்ணிவிட்டு வந்து எழுதியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தில் 'தவிர்க்க முடியாதது' என்று இருந்தது. கெலெவ்கி பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார். மற்ற எழுத்துகளைவிட அழுத்தி எழுதியிருந்தாள், காகிதத்தின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு.

அவர் எழுந்தார். "நான் ஒண்ணு சொல்லணும்," என்றார்.

அதிகாரி தலையைத் தூக்கினார். ஒம்ரினா நோட்டை மூடினாள். அவள் கை அவருடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்தது. அவர் உண்மையைச் சொன்னால் அவள் இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி. அந்த நோட்டை இனி யார் நம்புவார்கள்? முனைக்காக யார் பேசுவார்கள்? அவள் அதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள் என்பது அந்தப் பிடியிலேயே அவருக்குத் தெரிந்தது.

"உக்காருங்கப்பா," என்றாள் மெதுவாக. "உக்காருங்க."

"என்ன சொல்லணும்?" என்றார் அதிகாரி.

கெலெவ்கி மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல ஐயா," என்றார், உட்கார்ந்தார்.

அதிகாரி கார்பைனை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். முனைக் காவலுக்குத் தலைவராக அவரே இருக்கட்டும் என்றார். சித்தப்பா மகன் கைதட்ட ஆரம்பித்தான். ஊரே கைதட்டியது. ஒம்ரினாவும் நோட்டை மடியில் வைத்துவிட்டுத் தட்டினாள்.